நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள்

சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் மரச்சாமான் செய்வது, வாங்குவது, வைத்துக் காப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, 34 ஆண்டுகள் பட்டறை நடத்திய ஒரு தச்சர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: வாழ்நாள் முழுக்க மரத்தை அறுத்துப் பிழைத்தவர் நீங்கள். சுற்றுச்சூழலைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன தகுதி ஐயா? கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கோபம் இல்லை. என் மனைவியும் இதையேதான் கேட்டாள்.

அறுத்த மரத்துக்கு என்னிடம் கணக்கு இல்லை. வீணாக்கிய மரத்துக்கு இருக்கிறது. பட்டறை தொடங்கிய ஆறாவது வருஷம், கையில் காசு ஏன் நிற்கவில்லை என்று பார்ப்பதற்காக ஒரு மாதம் முழுக்க உள்ளே வந்த பலகையையும், சாமானாக வெளியே போனதையும் எடை போட்டு ஒரு நோட்டில் எழுதினேன். வந்ததில் பாதிக்குச் சற்று மேல்தான் சாமானாகப் போயிருந்தது. மீதியெல்லாம் துண்டும் சுருளும் தூளும். அதற்கு முன்னால் மர அறுவை மில்லிலேயே உருண்டை மரத்தில் ஏறக்குறைய பாதிதான் பலகையாகிறது. இரண்டையும் பெருக்கிப் பார்த்த அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. தகுதி என்று கேட்டால் அதைத்தான் காட்ட முடியும்.

கேள்வி: மரச்சாமானுக்குப் பதில் இரும்போ பிளாஸ்டிக்கோ வாங்கினால் ஒரு மரமாவது பிழைக்கும் என்கிறாள் என் மகள். அவள் சொல்வது சரியா?

நல்ல மனசுக்காரி. கணக்குதான் கொஞ்சம் இடிக்கிறது.

மரம் வளரும்போது காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்து, அதிலுள்ள கரியை, அதாவது கார்பனை, தன் உடம்பாக்கிக்கொள்கிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரிதான். 10 கிலோ நாற்காலி என்றால் 5 கிலோ கரி. காற்றில் இருந்தபோது அது சுமார் 18 கிலோ கரியமில வாயு. நாற்காலி நாற்காலியாக இருக்கும்வரை அது அதற்குள்ளேயே அடைந்து கிடக்கும். எரித்தாலோ மக்கவிட்டாலோ மறுபடி காற்றுக்குப் போய்விடும்.

இரும்பு அப்படி இல்லை. தாதுவை ஊதுலையில் உருக்கி ஒரு டன் எஃகு செய்தால் சுமார் 2 டன் கரியமில வாயு வெளியேறும். பழைய இரும்பை மின்உலையில் உருக்கிச் செய்தால் வெகுவாகக் குறையும். அப்படிச் செய்த நாற்காலிக்குத் தின்னர் கலந்த பெயிண்ட் அடிக்காமல் பவுடர் கோட்டிங் போட்டு, 40 வருஷம் உட்கார்ந்தால் எனக்கு அதோடு சண்டை இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில்தான் எனக்கு நிஜமான மனத்தாங்கல். அது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். வெயிலில் கிடந்து கால் விரிந்துவிட்டால் எந்தப் பசையும் அதில் சரியாக ஒட்டாது. ஒரு கால் போனால் முழு நாற்காலியும் போச்சு.

மகள் சொல்வதில் உண்மையும் உண்டு. இயற்கைக் காட்டில் திருட்டுத்தனமாக வெட்டிய மரத்தில் செய்து, ஐந்து வருஷத்தில் குப்பைக்குப் போகும் கட்டிலை மரம் என்ற ஒரே காரணத்துக்காக யாரும் தூக்கிப் பிடிக்க வேண்டாம். அந்தக் கட்டிலுக்கு முன்னால் நல்ல இரும்புக் கட்டில் எவ்வளவோ மேல். அதை அவளிடம் சொல்லுங்கள்.

கேள்வி: புது அலமாரி வந்து 20 நாளாகிறது. திறந்தாலே கண் எரிகிறது, துணியிலும் அதே வாடை. "புதுச் சாமான் வாசனை, தானாகப் போய்விடும்" என்கிறார் விற்றவர். விட்டுவிடலாமா?

விடாதீர்கள் அம்மா. பெரும்பாலும் அது ஃபார்மால்டிஹைடு வாயு.

பார்ட்டிக்கிள் போர்டு, எம்.டி.எஃப்., மலிவு பிளைவுட் எல்லாமே மரத்தூளையோ நாரையோ மெல்லிய தகட்டையோ பசை போட்டு அழுத்திச் செய்வதுதான். அந்தப் பசை பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு. விலை குறைவு, சீக்கிரம் இறுகும், நிறமும் தெரியாது. ஆலைக்காரருக்கு வேறென்ன வேண்டும்? அதன் கெட்ட குணம், சூடும் ஈரமும் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து வாயுவை விட்டுக்கொண்டே இருப்பது. முதல் சில மாதம் அதிகம், அப்புறம் குறையும், முழுசாக நிற்க வருஷக்கணக்காகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது.

இப்போது ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அலமாரியின் முகப்பும் தட்டின் மேற்பக்கமும் மைக்கா ஒட்டி வழவழவென்று இருக்கும். அங்கே வாயு அதிகம் வராது. தட்டின் பின்விளிம்பைப் பாருங்கள், சுவரோடு ஒட்டி நிற்கும் முதுகுப் பலகையைப் பாருங்கள், கீல் பதித்த குழிகளைப் பாருங்கள். தவிடு அழுத்தி வைத்தது போல், மேலே எதுவும் ஒட்டாமல் பூசாமல் பச்சையாகத் தெரியும் இடம்தான் வாயு வரும் வாசல். எங்கள் தொழிலில் சிலர் கண்ணுக்குத் தெரியும் விளிம்புக்கு மட்டும் பட்டை ஒட்டிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுவார்கள். நானும் விட்டிருக்கிறேன்.

அலமாரியைக் காலி செய்து, கதவையும் இழுப்பறைகளையும் திறந்து வைத்து, அறைக்குக் காற்றோட்டம் கொடுங்கள். வெயில் அடிக்கும் சுவரோரம் வைக்காதீர்கள், சூடு ஏறினால் வாயுவும் ஏறும். பிறகு அந்தப் பச்சை விளிம்புகளுக்கு எல்லாம் விளிம்புப் பட்டையோ, இரண்டு கை அரக்குப் பாலிஷோ போட்டு மூடச் சொல்லுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் கண் எரிந்தால் குழந்தை படுக்கும் அறையில் அது இருக்கவே கூடாது. திருப்பிக் கொடுங்கள்.

அடுத்த முறை வாங்கும்போது பலகையின் தரத்தை எழுத்தில் கேளுங்கள். வாயு குறைவாக விடும் பலகைக்கு ஐரோப்பாவில் இ1 என்ற தரம். அமெரிக்காவில் சோதனை அறையின் காற்றில் கடின மர பிளைவுட்டுக்கு 0.05 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு வாயு), பார்ட்டிக்கிள் போர்டுக்கு 0.09, எம்.டி.எஃப்.-க்கு 0.11 என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள். ஃபார்மால்டிஹைடே சேர்க்காத பசைகளும் உண்டு. அதில் ஒன்றின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அமெரிக்காவின் ஆரகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கைச்சாங் லி என்ற மர வேதியியல் பேராசிரியர், அலை அடித்தாலும் பாறையை விடாத சிப்பியைப் பார்த்து, அது எதை வைத்து ஒட்டிக்கொள்கிறது என்று ஆராய்ந்தார். அந்தப் புரதத்தைப் போலவே சோயா மாவின் புரதத்தை மாற்றி பிளைவுட் பசை செய்தார். ஆலைகளில் அது பல வருஷமாகப் புழக்கத்தில் இருக்கிறது.

கேள்வி: 12 பேர் வேலை பார்க்கும் சிறிய மரச்சாமான் ஆலை என்னுடையது. சூழலுக்கு உகந்ததாக மாற்ற நினைக்கிறேன். வந்த ஆலோசகர் முதல் வேலையாகக் கூரையில் சூரியத் தகடு போடச் சொல்கிறார். உங்கள் யோசனை?

தகடு போடுங்கள் தம்பி, ஆனால் கடைசியில். முதல் ஒரு வாரம் கழிவுத் துண்டு விழும் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள்.

என் பட்டறையில் அப்படி உட்கார்ந்தபோது தெரிந்த விஷயம் இது. பையன்கள் காலையில் நல்ல நீளப் பலகையை எடுத்துக் கைக்கு எட்டின அளவில் குட்டைச் சட்டங்களை முதலில் அறுத்துத் தள்ளினார்கள். மத்தியானம் கட்டிலுக்கு நீளச் சட்டம் வேண்டும் என்றபோது புதுப் பலகையை உடைத்தார்கள். மாற்றிச் செய்ய வேண்டும். நீளத்தை முதலில் எடுத்து, அதில் மிஞ்சும் துண்டில் குட்டையை எடுக்க வேண்டும். அதற்கு அன்றைய வேலையில் வேண்டிய எல்லாத் துண்டும் காலையிலேயே ஒரு தாளில் இருக்க வேண்டும். வெறும் தாளும் பென்சிலும்தான் செலவு. இழுப்பறை ஓடும் சட்டம், நாற்காலிக்கு அடியில் மூலைக்குக் கொடுக்கும் முட்டு, ஆப்பு எல்லாம் நாங்கள் அதன்பின் புது மரத்தில் அறுத்ததே இல்லை.

இரண்டாவது, மரத்தைக் காயவைப்பது. சுற்றுச்சூழல் என்றால் பசை, பெயிண்ட் என்றே எல்லோரும் பேசுகிறார்கள். ஈர மரத்தில் செய்த கட்டில் ஆறு மாதத்தில் விரிந்து குப்பைக்குப் போனால், அந்த மரம் வளர்ந்த அத்தனை வருஷமும் வீண் இல்லையா? புதிதாக வெட்டிய மரத்தில் காய்ந்த எடைக்குச் சமமான தண்ணீர்கூட இருக்கும். வீட்டுக்குள் நிற்கும் சாமானுக்கு அது 8 முதல் 12 சதவீதத்துக்கு வர வேண்டும். உள்ளங்கை அளவு ஈரமானி ஒன்று வாங்கி, வரும் ஒவ்வொரு பலகையிலும் குத்திப் பாருங்கள். "காய்ந்த சரக்கு" என்று சத்தியம் செய்து இறக்கியதில் 26 காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். இறக்கியவர் மானியைத் தட்டிப் பார்த்துவிட்டு அதன் பேட்டரியில் கோளாறு என்றார்.

உலர்சூளைதான் மர ஆலையில் அதிக எரிபொருள் தின்னும் இடம். அதனால் பலகைகளுக்கு நடுவே இடைக்குச்சி கொடுத்து அடுக்கி, நிழலில் காற்றாட முதலில் காயவிடுங்கள். ஒரு அங்குல கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. அவ்வளவு பொறுக்க முடியாதுதான். ஆனால் பாதி ஈரம் காற்றிலேயே போய்விட்டால் சூளைக்குப் பாதி வேலை மிச்சம். சூளைக்கு உங்கள் சொந்தச் சுருளையும் துண்டையுமே எரிக்கலாம். பிளைவுட், மைக்கா, மருந்தடித்த மரம், பெயிண்ட் அடித்த மரம் இவற்றின் துண்டை மட்டும் எக்காரணம் கொண்டும் அதில் போடாதீர்கள். கழிவைப் பிரித்துப் போட இரண்டு தொட்டி வைத்தால் போதும், வைக்கத்தான் ஆளில்லை.

மூன்றாவது தூள். 1960-களில் இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற நாற்காலி செய்யும் ஊரில், எஸ்மே ஹேட்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். மூக்குக்குள் வரும் அபூர்வமான ஒரு புற்றுநோய்க்கு அவரிடம் வந்தவர்களில் பலர் மரச்சாமான் தொழிலாளிகள். பின்னர் வந்த ஆய்வுகளை எல்லாம் வைத்து 1995-ல் மரத்தூளும் உலகச் சுகாதார நிறுவனத்தின் அதே முகமையின் புற்றுநோய்ப் பட்டியலில் ஏறியது. துணி கட்டிக்கொண்டால் போதாது தம்பி. தூள் பிறக்கும் இடத்திலேயே, ரம்பத்தின் வாயிலேயே அதை உறிஞ்ச வேண்டும். சாயந்திரம் கம்ப்ரஸர் காற்றை அடித்துப் பட்டறையைச் சுத்தம் செய்யும் வழக்கம் இருந்தால் நாளைக்கே நிறுத்துங்கள். அது தூளைத் தரையிலிருந்து எடுத்து மூக்கில் வைப்பது.

அப்புறம் கட்டுமானம். பிரித்து மாட்டும்படி செய்ய முடிந்தால் செய்யுங்கள். 1859-ல் மிக்கேல் தோனெட் நிறுவனம் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலி, ஆவியில் வளைத்த மரத்தில் ஆறே துண்டு, பத்துத் திருகு, இரண்டு நட்டு. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி போகும். காற்றை ஏற்றிக்கொண்டு போகும் லாரிக்கு நாம் டீசல் ஊற்றுகிறோம் என்பதை 160 வருஷத்துக்கு முன்பே ஒருவர் யோசித்திருக்கிறார். அப்போது லாரியே கிடையாது.

இதெல்லாம் முடிந்ததும் கூரைக்கு ஏறுங்கள். அதற்குள் உங்களுக்கு எத்தனை தகடு வேண்டும் என்ற கணக்கே மாறியிருக்கும்.

கேள்வி: எஃப்.எஸ்.சி. முத்திரை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள். சரிக்குறி ஒன்று மரமாக மாறுவது போன்ற படம் அது. காட்டைக் கெடுக்காமல் எடுத்த மரம் என்று சான்று தரும் அந்த அமைப்பு 1993-ல் தொடங்கியது. முத்திரையில் மூன்று வகை உண்டு. '100%' என்றால் முழுக்கச் சான்று பெற்ற காட்டு மரம். 'ரீசைக்கிள்ட்' என்றால் மறுசுழற்சிப் பொருள். கடையில் அதிகம் கண்ணில் படுவது 'மிக்ஸ்'. அதில் சான்று பெறாத, ஆனால் திருட்டு மரம் இல்லை என்று சோதித்த மரமும் கலந்திருக்கலாம். அது ஏமாற்று இல்லை, அதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். முத்திரைக்குக் கீழே 'சி' என்று தொடங்கி ஆறு இலக்கம் இருக்கும். அதை இணையத்தில் அவர்களுடைய பதிவேட்டில் தட்டினால் யாருடைய எண் என்று தெரியும். எண்ணே இல்லாத முத்திரை என்றால் வெறும் படம்.

காட்டிலிருந்து மில், வியாபாரி, பட்டறை என்று கைமாறும் ஒவ்வொருவரும் சான்று வைத்திருந்தால்தான் முத்திரை கடைசிவரை வரும். நடுவில் ஒருவரிடம் இல்லாவிட்டால் சங்கிலி அறுந்தது. சின்னத் தோட்டக்காரரால் அந்தச் செலவு தாங்க முடியாது. அதனால் முத்திரை இல்லாத மரமெல்லாம் திருட்டு மரம் என்று நினைத்துவிடாதீர்கள். என்ன மரம், எந்த நிலத்தில் வெட்டியது என்று கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த சட்டம் கேட்பதும் இதைத்தான்: மரம் நின்ற நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும், 2020-க்குப் பிறகு காடழித்த நிலமாக அது இருக்கக் கூடாது.

ரப்பர் மரத்தை மறந்துவிடாதீர்கள். பால் வற்றியதும் 25, 30 வருஷத்தில் எப்படியும் வெட்டிவிடுவார்கள், முன்பெல்லாம் விறகுக்குத்தான் போகும். அறுத்த கையோடு போரான் மருந்தில் ஊறவைக்காவிட்டால் உளுத்துவிடும். வைத்தால் வெளுத்த நிறத்தில் அருமையான சாமான் வரும்.

கேள்வி: ஈட்டி மரத்தில் ஒரு கட்டில் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

எனக்கும் இருந்தது. ஈட்டி உட்பட டால்பெர்ஜியா இனம் முழுவதும் 2017 முதல், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நாடு விட்டு நாடு போக அனுமதிச் சீட்டு வேண்டும். பிரேசில் ஈட்டி 1992-லேயே முதல் பட்டியலுக்குப் போய்விட்டது. அதன் வணிகமே அநேகமாக மூடிய கதவு. பழைய கட்டில், பழைய கதவு கிடைத்தால் அதை அறுத்துச் செய்யுங்கள். வைரம் பாய்ந்த பழங்கட்டையை இழைக்கும்போது வரும் அந்த இனிப்பு வாசனைக்காகவே நான் கூலி குறைத்துக்கொண்ட நாள் உண்டு.

கேள்வி: தண்ணீர் கலந்த பாலிஷ் சூழலுக்கு நல்லது என்கிறார்கள். எங்கள் தச்சரோ "பளபளப்பு வராது, நாரெல்லாம் எழும்பிவிடும்" என்கிறார்.

நார் எழும்பும் என்பது உண்மை. அதற்கு வழியும் உண்டு. பாலிஷ் போடுவதற்கு முன்னால் ஈரத் துணியால் மரத்தை ஒருமுறை துடைத்து, காயவிட்டு, எழும்பிய நாரை நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டால் மறுபடி எழும்பாது. சோம்பல்பட்டால் பழி தண்ணீர் மேல். காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் நாளில் காய நேரமாகும், அதை ஒத்துக்கொள்கிறேன். லேக்கர் பாலிஷில் பெரும்பங்கு தின்னர்தான். மரத்தில் தங்குவது கொஞ்சம், மீதியெல்லாம் காற்றுக்கும் அடிப்பவரின் நுரையீரலுக்கும். அடிக்கும் துப்பாக்கியிலும் விஷயம் இருக்கிறது. பழைய வகையில் அடித்த பாலிஷில் மூன்றில் ஒரு பங்குதான் மரத்தில் ஒட்டும். காற்றழுத்தம் குறைந்த எச்.வி.எல்.பி. துப்பாக்கியில் மூன்றில் இரண்டு பங்கு ஒட்டும்.

என் கை போவது அரக்குப் பாலிஷுக்குத்தான். அரக்குப் பூச்சி தந்ததை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பந்தால் தேய்ப்பது. சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும், ஆனால் அதே ஸ்பிரிட்டைத் தொட்டுத் தேய்த்தால் கரைந்து சரியாகிவிடும். முழுசாகச் சுரண்ட வேண்டியதில்லை.

ஆளிவிதை எண்ணெயும் நல்லதுதான். ஆனால் இயற்கைப் பொருள் என்று ஏமாந்துவிடாதீர்கள். எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கி ஒரு மூலையில் குவித்துவிட்டு வீட்டுக்குப் போனேன் ஒருநாள். அது காய்வதே காற்றோடு சேர்ந்து சூடாகித்தான். குவியலுக்குள் சூடு வெளியே போக வழியில்லை. விடியற்காலையில் பக்கத்துப் பட்டறைக்காரர் புகையைப் பார்த்து ஓடிவந்திருக்காவிட்டால் இந்தப் பகுதியை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள். துணியைக் கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், இல்லை தண்ணீரில் முக்கி மூடி போட்ட தகர டப்பாவில் வையுங்கள்.

கேள்வி: தாத்தா காலத்து நாற்காலி ஒன்று ஆடுகிறது. பழுது பார்க்கும் கூலிக்குப் புது நாற்காலியே வாங்கலாம் என்கிறார் என் கணவர்.

கூலிக் கணக்கில் அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். முதலில் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து மூட்டுகளைப் பாருங்கள்.

போன வருஷம் இப்படித்தான் ஒன்று வந்தது. நான்கு காலும் நான்கு பக்கம் ஆடியது. மூட்டில் விரல் நகத்தால் கீறினேன், பழுப்பு நிறத்தில் கண்ணாடிச் சில்லு போல் ஒன்று உதிர்ந்தது. வஜ்ஜிரம். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பழைய பசை. வெந்நீரில் நனைத்த துணியை ஒவ்வொரு மூட்டிலும் சுற்றி அரை மணி நேரம் விட்டேன். வஜ்ஜிரம் இளகி மாட்டுத் தோல் வாடை அடிக்க ஆரம்பித்தது. மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினேன். முதல் கால் வந்தது, இரண்டாவது, மூன்றாவது. முக்கால் மணி நேரத்தில் மொத்த நாற்காலியும் 13 துண்டாகப் பாயில் படுத்திருந்தது. ஒரு நார் பிய்யவில்லை. ஒரு சட்டத்தின் நாக்கில் மட்டும், துளைக்குள் மறைந்திருந்த இடத்தில், பென்சிலால் மூன்று கோடு போட்டிருந்தார் செய்தவர். எந்த நாக்கு எந்தத் துளைக்கு என்பதற்கு அடையாளம். நான் அதைப் பார்த்துத்தான் திரும்ப மாட்டினேன்.

அதே வாரம் எபாக்சி என்ற ரசாயனப் பசை போட்ட ஒரு நாற்காலியும் வந்தது. செய்து எட்டு வருஷம். ஒரு குறுக்குச் சட்டம் முறிந்திருந்தது, மற்றதெல்லாம் கல் மாதிரி. அந்த ஒரு சட்டத்தைக் கழற்ற மற்ற மூன்று மூட்டை உடைக்க வேண்டியிருந்தது. பசை மரத்தைவிட வலுவாக இருப்பது பெருமை என்று விளம்பரம் செய்கிறார்கள். கழற்ற வேண்டிய நாளில் பிளப்பது மரம்தான்.

உங்கள் நாற்காலியில் பழைய பெயிண்ட் இருந்தால் ஒரு எச்சரிக்கை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், பிள்ளைகளையும் பக்கத்தில் விட வேண்டாம்.

கேள்வி: சோபாவின் பஞ்சு உட்கார்ந்துவிட்டது. சோபாவையே மாற்றச் சொல்கிறார்கள்.

சட்டம் முனகாமல் இருந்தால் பஞ்சை மட்டும் மாற்றுங்கள். பெட்ரோலியத்தில் செய்யும் அந்தப் பஞ்சை ஊத வைக்க ஒரு காலத்தில் ஓசோனைத் தின்னும் சி.எஃப்.சி. வாயுவை விட்டார்கள். 1987-ன் மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அது ஒழிந்தது. தீப்பிடிக்காமலிருக்க என்று சேர்த்த பென்டா-பி.டி.இ. என்ற ரசாயனம் 2009-ல், எளிதில் அழியாத நச்சு ரசாயனங்களை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் பட்டியலில் ஏறியது. உங்கள் சோபா பழையது, பஞ்சு தூளாக உதிர்கிறது என்றால் அதில் கை வைப்பவர் முகமூடி போட்டுக்கொள்ளட்டும். மாற்றும்போது உறைக்கு ஜிப் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். பஞ்சைச் சட்டத்தில் பசை போட்டு ஒட்ட விடாதீர்கள். ரப்பர் பூசிய தேங்காய் நாரும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: மூங்கில்தானே எதிர்காலம்?

மூங்கில் புல். 3 முதல் 5 வருஷத்தில் வெட்டலாம், வெட்டிய தூரிலிருந்து மறுபடி வரும். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்காவிட்டால் அதிலுள்ள மாவுச்சத்துக்கு வண்டு வரும். முழு மூங்கிலில் செய்த சாமான் என்றால் எனக்குச் சம்மதம். கீற்றாக்கி ஒட்டிய மூங்கில் பலகை என்றால் பழைய கேள்விதான்: எந்தப் பசை?

கேள்வி: கடையில் நின்றுகொண்டு ஐந்து நிமிடத்தில் நல்ல சாமானைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லுங்கள்.

கவிழ்த்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் மாறினாலும் பரவாயில்லை. அடியில் பலகை பச்சையாக இருக்கிறதா, மூடியிருக்கிறதா? ஸ்டேப்பிள் ஊசி மட்டுமா, திருகும் உண்டா? மூலைக்கு முட்டு இருக்கிறதா? இழுப்பறையை முழுசாக வெளியே இழுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள், யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்துச் செய்த வேலை அங்கேதான் இருக்கும். கடைசியாக, "இந்தக் கால் உடைந்தால் இது மட்டும் கிடைக்குமா?" என்று கேளுங்கள். பதில் வருவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள்.

கேள்வி: நீங்கள் செய்ததிலேயே வெட்கப்படும் சாமான் எது?

ஒரு மேசை. மொத்தம் 40 செய்தேன், ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. பட்டறை தொடங்கிப் பதினோராவது வருஷம் ஒரு அலுவலகத்துக்கு, மூன்று வாரத்தில் வேண்டும், விலை குறைவாக வேண்டும் என்றார்கள். பார்ட்டிக்கிள் போர்டில், மேலே மட்டும் மைக்கா ஒட்டி, அடிப்பக்கத்தைப் பச்சையாகவே விட்டுக் கொடுத்தேன். தரை துடைக்கும் தண்ணீர் காலில் ஏறும் என்று எனக்குத் தெரியும். இரண்டு மழைக்காலத்தில் கால்கள் நனைந்த அட்டை மாதிரி ஊதிவிட்டன. கட்டடத்துக்குப் பின்னால் குவித்துப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வண்டி எடுத்துக்கொண்டு போனேன். திருகையாவது எடுக்கலாம் என்று பார்த்தால், கழற்றும்போது திருகோடு ஒரு கைப்பிடி அளவு தூளும் சேர்ந்து வந்தது. ஊதாமல் தப்பிய ஒன்றை மட்டும் தூக்கி வந்தேன்.

இப்போது உளி தீட்டும் கல் அதன் மேல்தான் இருக்கிறது. காலுக்குக் கீழே செங்கல் வைத்திருக்கிறேன். ஆனால் கல்லில் தெளிக்கும் தண்ணீர் விளிம்பில் வழிந்து இடதுபக்கக் காலில்தான் இறங்குகிறது. போன வாரம் அதில் இன்னும் ஒரு பொருக்கு உரிந்து விழுந்திருந்தது.